எண்ணிப் பார்த்த சகோதரிகள்



துப்பறியும் கதை நுழையாத வீடு குறைவு. உம்மா வாசித்து முடிக்கும் வரை மகள் காத்திருப்பாள். மகள் வாசித்து முடித்ததும், "முடிவைச் சொல்லிவிடாதே" என்று தங்கை காதைப் பொத்திக் கொள்வாள். வாசிக்கின்றவர்களை நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எழுதுகின்றவர்கள் எப்படி எழுதப் பழகுகிறார்கள், யாரிடம் கேட்டுத் தெரிந்து கொள்கிறார்கள், எழுதியது எப்படி வாசகர் கைக்கு வந்து சேர்கிறது என்பதைப் பற்றி நாம் அதிகம் நினைப்பதில்லை.

எழுத்து தனிமையில் செய்யும் தொழில். தையல் இயந்திரத்தின் முன் இருப்பவளுக்குக் கூட பக்கத்து வீட்டுப் பெண் வந்து பேச்சுக் கொடுப்பாள். எழுதுகின்றவளுக்கு அதுவும் இல்லை. அதிலும் மர்மக் கதை எழுதுவது இரட்டைத் தனிமை. கதையின் முடிவை எவரிடமும் சொல்ல முடியாது. இந்தத் தனிமையிலிருந்து வெளியே வருவதற்காகவே மேற்கு நாடுகளில் மர்மக் கதை எழுத்தாளர்கள் மகாநாடு, செயலமர்வு, வாசகர் சந்திப்பு என்று கூடி வருகிறார்கள். "கொலையும் களவும் எழுதுகின்றவர்கள் கூடி என்ன பேசப் போகிறார்கள்?" என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றலாம். அவர்கள் கூடிய ஒரு சந்தர்ப்பத்தில், பெண் எழுத்தாளர்கள் தங்களுக்கு நடந்து வந்த ஓர் அநீதியைக் கண்டு பிடித்தார்கள். அதற்குச் சாட்சியமும் தேடினார்கள். அந்த வரலாற்றை இம்மாதம் பார்ப்போம்.

கூடும் பழக்கம் வந்த விதம்

1930ஆம் ஆண்டு இலண்டனில் 'டிடெக்‌ஷன் கிளப்' என்றொரு சங்கம் அமைந்தது. அதற்கு முன்பே அந்தனி பெர்க்லி என்ற எழுத்தாளர் தம்மைப் போல் துப்பறியும் கதை எழுதுகின்றவர்களை வீட்டுக்கு அழைத்து இராப்போசனம் கொடுத்து வந்தார். அந்த விருந்துகளே சங்கமாக மாறின. முதல் தலைவர் ஜி. கே. செஸ்டர்டன். டொரதி சேயர்ஸ், அகதா கிறிஸ்டி ஆகிய பெண்மணிகளும் ஆரம்ப உறுப்பினர்கள்.

இச்சங்கத்தில் சேருகின்றவர்கள் ஒரு சபதம் எடுக்க வேண்டும். ஒரு மண்டையோட்டைச் சாட்சியாக வைத்துச் சபதம் எடுத்தது அவர்களுடைய வேடிக்கை. அதை விடுவோம். சபதத்தின் உள்ளடக்கம் வேடிக்கையானது அல்ல. கதையில் வரும் துப்பறிபவர் தம் அறிவைக் கொண்டே உண்மையைக் கண்டு பிடிக்க வேண்டும். தற்செயலாக எல்லாம் கூடி வந்தது என்று முடிச்சை அவிழ்க்கக் கூடாது. மந்திர தந்திரம் கூடாது. 'பெண்ணின் உள்ளுணர்வு சொல்லிற்று' என்று தப்பித்துக் கொள்வதும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கியமான ஒரு தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது. அதாவது, வாசிக்கின்றவரை ஏமாற்றாமல் எழுத வேண்டும். வாசகரின் நேரமும் நம்பிக்கையும் எழுத்தாளரிடம் கொடுக்கப்பட்ட அமானிதம் என்பதைத்தான் அவர்கள் தம் பாணியில் சொன்னார்கள். தனியே இருந்து எழுதும் போது மறந்து விடக்கூடிய ஒழுங்கை நான்கு பேர் முன்னிலையில் ஒப்புக் கொள்ளும் போது மறக்க முடியாது. கூடுவதன் முதல் பயன் இது.

அச்சங்கத்தைப் பற்றிய இன்னொரு விடயம் நம் சகோதரிகளுக்கு ஆறுதல் தரக் கூடியது. 1957இல் டொரதி சேயர்ஸ் காலமான பின் தலைமைப் பதவி அகதா கிறிஸ்டியைத் தேடி வந்தது. உலகமெல்லாம் வாசிக்கப்பட்ட அப்பெண்மணி மேடை என்றால் கூச்சப்படுபவர். தாம் பேச்சு நிகழ்த்த வேண்டியதில்லை, அதனை இன்னொருவர் பார்த்துக் கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையின் பேரிலேயே ஏற்றுக் கொண்டார். 1976இல் மரணிக்கும் வரை தலைவராக இருந்தார். பேசத் தெரியாதவருக்குச் சபையில் இடமில்லை என்பது சரியல்ல என்பதற்கு இது போதும்.

அமெரிக்காவில் 1945இல் மர்மக் கதை எழுத்தாளர் சங்கம் ஒன்று உருவானது. 'குற்றம் போதிய வருமானம் தருவதில்லை' என்ற பொருளில் அவர்கள் வைத்துக் கொண்ட வாசகம் சிரிப்பூட்டும். அதன் உள்ளே இருந்தது எழுத்தாளரின் ஊதியம் பற்றிய கவலை. எட்கார் அலன் போவின் பெயரால் 'எட்கார்' விருதை வழங்குவது இச்சங்கமே. பிரித்தானியாவில் ஜோன் க்ரீஸி என்பவர் 1953இல் அதே போன்ற சங்கத்தை ஆரம்பித்தார்.

இவை எழுத்தாளருக்கு மட்டுமான சங்கங்கள். வாசகரும் எழுத்தாளரும் ஒரே கூரையின் கீழ் கூடும் பெரிய மகாநாடு 1970இல் கலிபோர்னியாவின் சன்டா மொனிக்காவில் ஆரம்பமானது. அதன் பெயர் 'பௌச்சர்கொன்'. அந்தனி பௌச்சர் என்ற விமர்சகரின் நினைவாக வைக்கப்பட்ட பெயர். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் நெடுங்காலம் மர்ம நாவல்களுக்கு விமர்சனம் எழுதியவர் அவர். பேர்க்லி நகரில் தம் வீட்டிலேயே இளம் எழுத்தாளர்களுக்கு வகுப்பும் நடத்தினார். பின்னாளில் விஞ்ஞானக் கதைகளால் பெயர் பெற்ற பிலிப் கே. டிக் அவ்வகுப்பில் இருந்தவர். பௌச்சர் 1968இல் காலமானார். இரண்டு வருடங்களில் அவர் பெயரால் மகாநாடு வந்தது. பின்னர் வருடாந்தம் ஒவ்வொரு நகராக அது மாறி மாறி நடந்து வந்திருக்கிறது.

மகாநாட்டில் என்ன நடக்கிறது?

ஒரு ஹோட்டலில் மூன்று, நான்கு நாட்கள் நடக்கும். காலை முதல் மாலை வரை பல மண்டபங்களில் ஒரே நேரத்தில் கலந்துரையாடல்கள் இருக்கும். நான்கைந்து எழுத்தாளர்கள் ஒரு மேசையில் அமர்வார்கள். ஒருவர் நெறிப்படுத்துவார். நஞ்சு, நீதிமன்றம், கிராமத்துப் பின்னணி, வரலாற்றுக் கதை என்று ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு தலைப்பு இருக்கும். இறுதியில் சபையிலிருந்து கேள்விகள் வரும். பிறகு நூல்களில் கையொப்பம் வாங்க வரிசை நிற்கும். 1986 முதல் இங்கு வழங்கப்படும் 'அந்தனி' விருதை நடுவர் குழு தீர்மானிப்பதில்லை. மகாநாட்டுக்கு வந்தவர்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். பொருட்களை ஏலம் விட்டு எழுத்தறிவுப் பணிகளுக்கு நன்கொடை சேர்ப்பதும் வழமை.

இதனை நடத்துவது பெரிய நிறுவனம் ஒன்றல்ல. பெரும்பாலும் தொண்டர்கள்தாம். நூலகர், ஓய்வு பெற்ற ஆசிரியை, புத்தகக் கடைக்காரர் ஆகியோர் பதிவு மேசையில் இருப்பார்கள், புத்தகப் பைகளை நிரப்புவார்கள். ஒரு பெரிய எழுத்தாளருக்குப் பக்கத்துக் கதிரையில் முதல் கதையைக் கூட அச்சில் காணாத ஒருவர் அமர்ந்து காலை உணவு உண்ணலாம். மண்டபத்துப் பேச்சை விட நடைபாதையில் நடக்கும் பேச்சே சில வேளைகளில் அதிக பயன் தரும்.

கேட்டுப் படிப்பது வெட்கமல்ல

மகாநாடு ஒரு வகை. செயலமர்வு இன்னொரு வகை. துப்பறியும் கதையில் ஒரு தகவல் பிழைத்தால் கதை முழுவதுமே சரிந்து விடும். ஆகையால் இத்துறையில் படிப்பு அவசியம்.

அகதா கிறிஸ்டி முதலாம் உலகப் போர்க் காலத்தில் டோர்கீ என்ற ஊரில் மருந்து கலக்கும் பகுதியில் வேலை செய்தவர். அதற்குரிய பரீட்சையிலும் சித்தியடைந்தவர். நஞ்சுகளைப் பற்றி அங்கே கற்றதை வைத்துத்தான் 1920இல் வெளியான தம் முதல் நாவலை எழுதினார். அதில் மருந்து விடயம் பிழையின்றிக் கையாளப்பட்டிருப்பதாக மருந்தாளர்களின் தொழில்சார் சஞ்சிகையே பாராட்டியது. அப்பாராட்டை அவர் பெரிதாக மதித்தார்.

எல்லோருக்கும் மருந்தகத்தில் வேலை கிடைக்காது. ஆகவேதான் மகாநாடுகளில் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் ஓய்வு பெற்ற பொலிஸாரும் வந்து பாடம் நடத்துகிறார்கள். லீ லொஃப்லண்ட் என்ற முன்னாள் பொலிஸ் துப்பறியும் அதிகாரி எழுத்தாளருக்கென்றே ஒரு பயிற்சி முகாமை ஆரம்பித்தார். வட கரோலினா மாநிலத்தில், உண்மையான பொலிஸ் பயிற்சி நடக்கும் கல்லூரி ஒன்றில் அது சில வருடங்கள் நடந்தது. விரலடையாளம் எடுப்பது எப்படி, கைவிலங்கு மாட்டுவது எப்படி, வழக்கொன்றில் யார் யாருக்கு எந்த அதிகாரம் உண்டு என்பதையெல்லாம் எழுத்தாளர்கள் செய்து பார்த்துக் கற்றார்கள். தொலைக்காட்சியில் கண்டதை அப்படியே எழுதி விடுகின்றவருக்கும், ஒரு நாள் நின்று செய்து பார்த்தவருக்கும் எழுத்தில் உள்ள வித்தியாசம் வாசிக்கும் போதே தெரியும்.

எழுதும் முறையைக் கற்பிக்கும் வகுப்புகளும் உண்டு. அப்படியொரு வகுப்பில்தான் நம் வரலாற்றின் முக்கிய பாத்திரத்தைச் சந்திக்கிறோம். சிக்காகோவில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்து கொண்டிருந்த சாரா பரெட்ஸ்கி என்ற பெண் 1979இல் நோத்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பொன்றில் சேர்ந்தார். பாடம், துப்பறியும் கதை எழுதுவது. ஆசிரியர், ஸ்டூவர்ட் கமின்ஸ்கி என்ற எழுத்தாளர். பகலில் வேலை, வீட்டில் கணவரும் அவருடைய பிள்ளைகளும், இடையில் கிடைத்த நேரத்தில் எழுத்து. மனதில் வருடக் கணக்காகக் கிடந்த நாவலை அந்த ஆசிரியரின் வழிகாட்டலில் எழுதி முடித்தார். 1982இல் அது வெளியானது. காப்புறுதித் தொழிலில் கண்டதையே கதைக்கு அடித்தளமாக்கினார். கதையில் துப்பறிபவர் ஒரு பெண். அதுவரை இத்தகைய அமெரிக்க நாவல்களில் பெண் என்றால் ஏமாற்றுக்காரியாகவோ கொலையுண்டவளாகவோ வருவதுதான் வழமையாக இருந்தது.

குறை எங்கே இருந்தது?

எட்கார் விருதைச் சொன்னேன். சிறந்த நாவலுக்கான அவ்விருது முதன் முதலில் 1954இல் கொடுக்கப்பட்ட போது அதைப் பெற்றவர் ஷார்லட் ஜே என்ற அவுஸ்திரேலியப் பெண். ஆகவே பெண்ணால் முடியாது என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் 1972 முதல் 1985 வரை, தொடர்ச்சியாக 14 வருடங்கள், அவ்விருது ஆண்களுக்கே போனது. அந்த வருடங்களில் பெண்கள் எழுதாமல் இருக்கவில்லை. நூற்றுக் கணக்கில் எழுதிக் கொண்டுதான் இருந்தார்கள். வாசகரிலும் பெரும் பங்கினர் பெண்கள்.

விருது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விடயம் பத்திரிகை விமர்சனம். விமர்சனம் வெளிவந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று நாம் நினைக்கலாம். அமெரிக்காவில் கட்டிய அட்டையுடன் வரும் மர்ம நாவல்களைப் பெருமளவில் வாங்கியவை பொது நூலகங்கள். எதை வாங்குவது என்று நூலகர் தீர்மானிப்பது விமர்சனத்தைப் பார்த்துத்தான். விமர்சனம் வராவிட்டால் நூலகம் வாங்காது. நூலகம் வாங்காவிட்டால் பதிப்பகத்துக்கு இலாபம் இராது. இலாபம் இல்லையென்றால் அடுத்த நாவலுக்கு ஒப்பந்தம் கிடைக்காது. ஆகவே பத்திரிகையில் நான்கு வரி வராமற் போனால், ஒரு பெண்ணின் எழுத்து வாழ்க்கையே முடிந்து போகலாம். தன் எழுத்தில்தான் குறை இருக்கிறது என்று நினைத்துக் கொண்டு அவள் பேனையை வைத்து விடுவாள். பக்கத்து ஊரில் இன்னொருத்தியும் அதே காரணத்தால் அதே போல் பேனையை வைத்து விட்டாள் என்பது அவளுக்குத் தெரியாது. தனித் தனியாக இருக்கும் வரை எல்லாம் தனிப்பட்ட துரதிர்ஷ்டமாகவே தோன்றும்.

1986ஆம் ஆண்டின் முற்பகுதியில் நியூயோர்க்கின் ஹண்டர் கல்லூரியில் பெண்களும் மர்மக் கதைகளும் பற்றிய ஒரு மகாநாடு நடந்தது. அங்கே சாரா பரெட்ஸ்கி, நாவல்களில் பெண்கள் மீது இழைக்கப்படும் கொடூரங்கள் மேன்மேலும் பச்சையாக விவரிக்கப்படுவதைக் கண்டித்துப் பேசினார். அதன் பின் பல பெண் எழுத்தாளர்கள் தம் மனக்குறைகளை அவரிடம் சொல்லத் தொடங்கினார்கள். பிலிஸ் விட்னி என்ற மூத்த எழுத்தாளரும், விருதுகளில் பெண்கள் கவனிக்கப்படுவதில்லை என்று எழுத்தாளர் சங்கத்துக்கு எழுதியிருந்தார்.

அதே வருடம் ஒக்டோபரில் பால்ட்டிமோர் நகரில் பௌச்சர்கொன் நடந்தது. அங்கு வந்திருந்த பெண்களில் ஆர்வமுள்ள சிலரை பரெட்ஸ்கி காலை உணவுக்கு அழைத்தார். உங்களுக்கும் இப்படி நடந்ததா, எனக்கு மட்டும்தானா என்பதுதான் அம்மேசையில் எழுந்த கேள்வி. 1987 வசந்த காலத்தில் நியூயோர்க்கில் ஓர் எழுத்தாளரின் வீட்டில் மீண்டும் கூடி ஒரு செயற்குழுவை அமைத்தார்கள். 'சிஸ்டர்ஸ் இன் கிரைம்' என்பது அமைப்பின் பெயரானது. 'குற்றத்தில் சகோதரிகள்' என்பது நேர்ப் பொருள். பெயரில் மட்டும்தான் குற்றம்!

எண்ணத் தொடங்கினார்கள்

சகோதரிகளே, இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. "பெண்களுக்கு அநீதி நடக்கிறது" என்று கூட்டம் போட்டுக் கூவி விட்டு அவர்கள் கலைந்து போகவில்லை. அப்படிச் செய்திருந்தால் "உங்கள் நாவல்கள் தரமில்லை, ஆகவேதான் விமர்சனம் வரவில்லை" என்று பத்திரிகை ஆசிரியர்கள் சொல்லி விட்டுப் போயிருப்பார்கள்.

அவர்கள் எண்ணினார்கள். உறுப்பினர்கள் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் பங்கு போட்டுக் கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் தனக்குரிய பத்திரிகையில் ஆணின் நாவல் எத்தனை, பெண்ணின் நாவல் எத்தனை விமர்சிக்கப்பட்டுள்ளது என்று குறித்துக் கொண்டாள். அந்த வருடம் வெளியான மர்ம நாவல்களில் பெண்கள் எழுதியவை எவ்வளவு என்பதையும் எடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பெண்கள் எழுதியதற்கும் விமர்சிக்கப்பட்டதற்கும் இடையே இருந்த இடைவெளி கணக்காக வெளியே வந்தது. அக்கணக்கைப் பத்திரிகைகளின் முன் வைத்தார்கள்.

மர்மக் கதை எழுதுகின்றவர்கள் அல்லவா! தடயம் இல்லாமல் குற்றஞ்சாட்டக் கூடாது என்பது அவர்களுடைய தொழிலின் முதல் பாடம். அதையே தம் சொந்த விடயத்திலும் செய்தார்கள். கொப்பியும் பேனையும் பொறுமையும்தான் அவர்களிடமிருந்த ஆயுதங்கள். வீட்டிலிருந்தபடியே, பிள்ளைகள் தூங்கிய பின் செய்யக் கூடிய வேலை அது.

கணக்கோடு மட்டும் நிற்கவில்லை. அச்சில் உள்ள பெண்களின் மர்ம நாவல்களை ஒரு பட்டியலாகத் தொகுத்து நூலகங்களுக்கும் புத்தகக் கடைகளுக்கும் அனுப்பினார்கள். பத்திரிகைகள் வழியை மறித்தால் நூலகருக்கு நேரடியாக ஒரு வழி. தம் நூலைத் தாமே எப்படி வாசகரிடம் எடுத்துச் செல்வது என்பதற்குக் கைநூல் வெளியிட்டார்கள். ஊருக்கு ஊர் கிளைகள் உண்டாகின. இன்னும் எதையும் வெளியிடாதவர்களுக்கென்றே தனிக் கிளை ஒன்றும் உருவானது. அதில் புதியவர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் வாசித்துத் திருத்தம் சொல்லிக் கொண்டார்கள். பின்னாளில் நூலகங்களுக்கு நூல் வாங்க நன்கொடையும் கொடுத்தார்கள். நிலைமை ஒரே இரவில் மாறவில்லை. மெதுவாகவே மாறியது. ஆனால் மாறியது. ஆண்களையும் உறுப்பினராக ஏற்றுக் கொண்ட அமைப்பு அது. ஆணை எதிர்ப்பது அவர்களுடைய நோக்கமாக இருக்கவில்லை. நீதியான அளவைதான் நோக்கம்.

தேநீர்ப் பாத்திரம் ஒரு விருது

1989இல் வொஷிங்டனுக்குப் பக்கத்தில், மேரிலாந்து மாநிலத்தில், 'மெலிஸ் டொமெஸ்டிக்' என்ற மகாநாடு ஆரம்பமானது. ஆபாசமும் அளவு மீறிய இரத்தக் காட்சிகளும் இல்லாத, அகதா கிறிஸ்டியின் வழியிலான கதைகளுக்கென்றே அது ஏற்படுத்தப்பட்டது. குடும்பத்தில் தாயும் மகளும் ஒரே புத்தகத்தைக் கூச்சமின்றிக் கைமாற்றிக் கொள்ள முடிய வேண்டும் என்று நினைக்கும் நமக்கு இந்த அளவுகோல் விளங்கும். இங்கே வழங்கப்படும் 'அகதா' விருதின் வடிவம் என்ன தெரியுமா? ஒரு தேநீர்ப் பாத்திரம்! மகாநாட்டின் கடைசி நிகழ்ச்சியும் தேநீர் விருந்துதான். வீட்டுப் பின்னணியில் எழுதப்படும் கதையை 'சமையலறைக் கதை' என்று ஒதுக்கியவர்களுக்கு, சமையலறைப் பாத்திரத்தையே விருதாக்கி அவர்கள் பதில் சொன்னது போல் இருக்கிறது. முதல் தடவை சிறந்த நாவலுக்கான பாத்திரத்தைப் பெற்றவர் கரோலின் ஹார்ட் என்ற பெண்மணி.

அங்கே ஒரு வழமை உண்டு. வாசகர்கள் மேசை மேசையாக அமர்ந்திருப்பார்கள். எழுத்தாளர்கள் இருவர் இருவராக ஒவ்வொரு மேசைக்கும் வந்து, சில நிமிடங்களில் தம் நூலைப் பற்றிச் சொல்லி விட்டு அடுத்த மேசைக்கு நகர வேண்டும். பெரிய பெயரும் சிறிய பெயரும் ஒரே வரிசைதான்.

புதியவர்களுக்கு இம்மகாநாடு உதவித் தொகை கொடுக்கிறது. ஒரு பதிப்பகத்துடன் சேர்ந்து முதல் நாவலுக்கான போட்டியும் நடத்தி வந்தது. அப்போட்டியில் வென்ற டொனா அன்ட்ரூஸின் நாவல் 1999இல் வெளியாகி, சிறந்த முதல் நாவலுக்கான அகதா விருதையும் பெற்றது. அதன் பின் அவர் தொடர்ந்து எழுதி வருபவர்.

ஜிஜி பாண்டியன் என்பவரையும் சொல்ல வேண்டும். பெயரே ஊரைச் சொல்லும். தந்தை இந்தியாவின் தென்கோடியைச் சேர்ந்தவர், தாய் அமெரிக்கர். இருவரும் மானிடவியலாளர்கள். இந்திய வம்சாவளிப் பெண்ணொருத்தியைக் கதாநாயகியாக்கி அவர் எழுதிய முதல் நாவல் அச்சேறும் முன்பே மெலிஸ் டொமெஸ்டிக்கின் உதவித் தொகையைப் பெற்றது. பின்னாளில் சிறுகதைக்காக அகதா விருதும் அவருக்குக் கிடைத்தது. 2018இல் வெள்ளையரல்லாத எழுத்தாளர்களுக்கென அமைக்கப்பட்ட குழுவின் நிறுவனர் மூவரில் அவரும் ஒருவர். வோல்டர் மோஸ்லியும் கெலி கரெட்டும் மற்ற இருவர். கை கொடுத்துத் தூக்கப்பட்டவர், இன்னொருவருக்குக் கை கொடுத்தார்.

குறைகளும் உண்டு

இக்கூட்டங்களில் எல்லாமே நலம் என்று எழுதுவது சபதத்தை மீறி தடயத்தை மறைப்பதாகும். ஆகவே மறு பக்கத்தையும் சொல்கிறேன்.

முதலாவது, செலவு. பதிவுக் கட்டணம், பயணம், ஹோட்டல் எல்லாம் சேரும் போது, யாருக்கு இக்கூட்டம் அதிகம் தேவையோ அவருக்கே வர முடியாமற் போகிறது. கொரோனாத் தொற்றால் 2020இல் பௌச்சர்கொன் இணைய வழியில் நடந்தது. வீட்டை விட்டு நகர முடியாத எத்தனையோ பேருக்கு அது ஒரு கதவைத் திறந்தது. ஆனால் நடைபாதைப் பேச்சு இணையத்தில் கிடைப்பதில்லை.

இரண்டாவது, மது. மேற்கு நாட்டு மகாநாடுகளில் மாலையானதும் பேச்சு மதுச்சாலைக்கு நகர்ந்து விடும். பதிப்பாளர் அறிமுகமாவதும் ஒப்பந்தம் பேசப்படுவதும் பல வேளைகளில் அங்கேதான். 2003இல் ஆரம்பமான ஹரோகேட் விழாவின் பெயரிலேயே ஒரு மதுபானத்தின் பெயர் இருக்கிறது. குடிக்காதவர் அங்கே ஒதுங்கி நிற்க வேண்டியவராகிறார். காலை உணவு மேசையும் தேநீர்ப் பாத்திரமும் இதற்கு நல்ல பதில் என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் அதே ஹரோகேட்டில் வெல் மெக்டேர்மிட் என்ற பிரபல எழுத்தாளர் 2004 முதல் முதல் நாவல் எழுதிய நால்வரை வருடாவருடம் தாமே தெரிந்து மேடையேற்றி வந்திருக்கிறார். நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது, தொண்டர்களின் களைப்பு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2008 முதல் நடந்து வந்த 'கிரைம்ஃபெஸ்ட்' 2025ஆம் ஆண்டுடன் நிறைவு பெற்றது. ஒரு சிலரின் தோளிலேயே பாரம் முழுவதும் இருந்தால், அந்தத் தோள் தளரும் நாளில் சபை கலைந்து விடும்.

நான்காவது, பெண்களுக்கு நீதி கேட்டு எழுந்த சபைகளிலும் நெடுங்காலம் வெள்ளையரே நிறைந்திருந்தார்கள். இதை உணர்ந்த சிஸ்டர்ஸ் இன் கிரைம் 2014இல், மறைந்த கறுப்பின எழுத்தாளர் எலினோர் டெய்லர் பிளாண்டின் பெயரால் ஒரு விருதை ஏற்படுத்தி, புதிய வெள்ளையரல்லாத எழுத்தாளர்களுக்கு உதவத் தொடங்கியது. தம்மையும் எண்ணிப் பார்ப்பவர்களே மற்றவரை எண்ணத் தகுதியுடையவர்கள்.

நமது சகோதரியொருவரின் பெயரும் இப்போது அந்த மண்டபங்களில் ஒலிக்கிறது. ஔஸ்மா ஸெஹானத் கான், சர்வதேச மனித உரிமைச் சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். முஸ்லிம் யுவதிகளுக்கான ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியராக இருந்தவர். 1995இல் ஸ்ரெப்ரெனிக்காவில் நடந்த படுகொலையின் நிழல் கனடாவில் விழும் விதத்தைத் துப்பறியும் நாவலாக எழுதினார். அதில் துப்பறியும் அதிகாரி ஒரு முஸ்லிம். 2015இல் வெளியான அந்நாவலுக்கு அடுத்த வருடம் சிறந்த முதல் நாவலுக்கான 'பெரி' விருது கிடைத்தது. பொழுது போக்குக் கதை என்று நாம் நினைக்கும் வடிவத்தில், உலகம் மறக்கப் பார்த்த ஓர் அநியாயத்தை அவர் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்.

நமக்கு என்ன?

நாம் மஷூரா என்று சொல்லுகிறோமே, கூடி ஆலோசித்தல், அதன் பெறுமதி கூடும் நேரத்தில் இல்லை. கலைந்த பின் என்ன செய்தோம் என்பதில் இருக்கிறது. பால்ட்டிமோரில் அந்தப் பெண்கள் உண்ட காலை உணவு எவருக்கும் நினைவில் இராது. அதன் பின் அவர்கள் எண்ணிய கணக்குத்தான் நிலைத்தது.

உங்கள் மகள் கொப்பியில் கதை எழுதுகிறாளா? "இதெல்லாம் எதற்கு?" என்று கேட்குமுன் அவளைப் போல் எழுதும் இன்னும் இரண்டு பிள்ளைகளைத் தேடிக் கொடுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வீட்டில் கூடட்டும். தேநீரும் கொஞ்சம் பலகாரமும் போதும். ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எந்த இடத்தில் நம்ப முடியவில்லை என்றும் சொல்லப் பழகட்டும். தெரியாததை வைத்தியரிடம், சட்டத்தரணியிடம், நூலகரிடம் போய்க் கேட்கட்டும். பாரத்தை ஒருத்தியின் தோளில் மட்டும் வைக்காமல் மாறி மாறிச் சுமக்கட்டும்.

கதை எழுதாதவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பாடசாலையிலோ, ஊர்ச் சபையிலோ, வேலை செய்யும் இடத்திலோ உங்களுக்கு ஒரு குறை இருக்கலாம். எனக்கு மட்டும்தானா என்று முதலில் பக்கத்தில் இருப்பவளிடம் கேளுங்கள். அவளுக்கும் இருந்தால், குரலை உயர்த்துமுன் ஒரு கொப்பியை எடுத்து எண்ணத் தொடங்குங்கள்.